அறுபடாத நாடா

பழைய பயணிகள் கப்பல்களின் மிச்சங்களைத் தேடிச் சேர்க்கும் சங்கத்தைச் சேர்ந்த டெஸ்மண்ட், ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமேண்டிலில் நோரீன் வீட்டு மேஜைமேல் இருந்த காகித நாடாச் சுருளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"கப்பல் கிளம்பறப்ப மேல ஒருத்தர், கரையில ஒருத்தர் பிடிச்சுப்பாங்க. விலக விலக அறுந்துடும். எங்க சங்கத்துல இருக்கறதெல்லாம் துண்டுதான். இது எப்படிம்மா முழுசா இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் லெஸ் மேல்தளத்துல நின்னாரு, நான் கீழ. நான் அழுத அழுகையில மனசு மாறி, ஏணியை எடுக்கறதுக்குள்ள கையில முனையோட இறங்கி ஓடிவந்துட்டாரு."

"உங்களுக்காக லண்டனையே விட்டுட்டாரா! கொடுத்து வெச்சவங்கம்மா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்," என்றாள் நோரீன். "கப்பல் சங்கு ஊதினா போதும், சாப்பாட்டை விட்டுட்டு ஜன்னலுக்குப் போயிடுவாரு. என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்ல. கையை மட்டும் எதையோ பிடிச்ச மாதிரி தூக்கி வெச்சிருப்பாரு. ஐம்பது வருஷம் நான் குடும்பம் நடத்தினது அந்த முதுகோடதான்."

டெஸ்மண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போன வாரம், கடைசி மூச்சுல, 'கப்பல் போயிடுச்சா?'ன்னு கேட்டாரு. 'இல்ல, உங்களுக்காகத்தான் நிக்குது, ஏறிக்கோங்க'ன்னேன். சிரிச்சுட்டே போனாரு."

"கண்ணாடிப் பெட்டியில வெச்சு, ஒரு கீறல் விழாம பாத்துக்கறோம்மா."

நோரீன் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"கெட்டியா பிடிச்சுக்கோப்பா."

மறுமுனையைப் பற்றியபடி பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டினாள். சுருள் முழுதும் அவிழ்ந்து நாடா விறைத்தது.

"ஐயோ, அறுந்துடும்மா!"

அவள் நிற்கவில்லை.