நிக்கல் குழாய்

“பித்தளையே எடுங்க. கடக்கரைக்கு அதான் தாங்கும். நிக்கல் பூச்சு உப்புக்காத்துல உரிஞ்சிரும்” என்றார் இராமநாதபுரம் கடைக்காரர்.

“பித்தளைன்னா புளி போட்டுத் தேய்ச்சுக்கிறலாம்டி” என்றான் சந்தியாகு.

“யாரு தேய்க்கிறது, நீங்களா?” என்று மடக்கினாள் அவன் மனைவி வியாகுலம். “மாப்பிள்ளையோட அம்மா அடுப்படியில நிக்கல் குழாய் வச்சிருக்காகளாம். நம்ம வீட்டுல ஒண்ணுமில்லைன்னா புஷ்பமேரியை எடுப்பாகளா? நிக்கலே குடுங்க அண்ணாச்சி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாப்பிள்ளையின் தாய் மிக்கேலம்மாள் பாம்பனிலிருந்து பெண் பார்க்க வந்தாள். புஷ்பமேரியைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போனாள். பளபளத்த குழாயைக் கண்டதும் கை கழுவப் போனவள்போல அதைத் திருகினாள்.

தண்ணீர் வரவில்லை. இன்னும் பலமாகத் திருகினாள்.

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தெருவுக்கே இன்னும் தண்ணீர்க் குழாய் போடவில்லை. சுவரில் ஓட்டை போட்டு அவனே செருகி வைத்த குழாய் அது.

மிக்கேலம்மாள் வியாகுலத்தின் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டுத் திருகியும் சுவத்தை விட்டு வரலையே! எங்க வீட்டுல தொட்டாலே கையோட வந்துருது. என்ன வச்சு ஒட்டுனீக, சம்பந்தியம்மா?”