உயிரோடு ஒரு மீன்

"இந்தக் குடியிருப்போட கழிவுத் தண்ணியால ஆத்து மீனெல்லாம் செத்து மிதக்குது. இன்னிக்கு என் வலையில உயிரோட சிக்கினது ஒண்ணுதான். அதையும் பேத்தி விளையாடக் கேட்டாளேன்னு குடுத்தனுப்பிட்டேன்" என்று, என் புகாரை விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் சிரித்தார். சிரித்துப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை.

சுத்திகரித்த தண்ணீர் ஆற்றுக்குப் போகுமுன் நிரம்பும் தொட்டியைக் காட்டினார். அதில் ஒரு கெண்டை நீந்தியது.

"தண்ணி கெட்டிருந்தா இது உயிரோட இருக்குமா, பெரியவரே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதிகாரி என் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அங்கே காவலுக்கு இருக்கும் என் மருமகன், வாசலில் என் காதைக் கடித்தான்.

"மாமா, பாப்பாவுக்குன்னு நான் வாங்கிட்டு வந்த மீன்தான் அது. இதுவும் சாயங்காலம் செத்துடும். நாளைக்கும் ஒண்ணு குடுங்க. இல்லேன்னா என் வேலை போயிடும்."