சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்று

துருவத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தெருப்பனி வாரும் இயந்திர ஆளை, நாகர்கோவிலில் திரை முன் உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தான் கிறிஸ்துதாஸ். அவன் மனைவி ஜெபமலர் அந்தப் பனி ஊரில்தான் நர்ஸ். அவளோடு போய்ச் சேருவதற்கான விசாவுக்கு அந்நாட்டார் கேட்ட சம்பளம் பெரிது. இரண்டு ஷிப்ட் பார்த்து அதை எட்டிவிட்டான்.

ஓய்வு நேரத்தில் இயந்திரம் அவள் வாசலில் போய் நிற்கும். அவள் அதற்குக் குல்லா போட்டுவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து ஊட்டியதில் அதன் பனி உறிஞ்சும் குழாயே அடைத்துப் போனது.

உண்மையான கல்யாணம்தானா என்று விசா அலுவலகத்தில் சான்று கேட்டார்கள்.

"கல்யாணப் போட்டோ போதுங்க" என்றாள் ஜெபமலர்.

"நீ சும்மா இரு பிள்ளே. மெஷினோட எடுத்ததையும் சேத்து அனுப்புவோம். அசந்து போவான்."

திரையில் வந்த அதிகாரி அசந்துதான் போயிருந்தார்.

"சம்பளம் சரி. கல்யாணமும் உண்மை. ஆனால் இந்த விசா பிரிந்திருக்கும் தம்பதிகளுக்கு. நீங்கள்தான் இங்கே சேர்ந்து வாழ்கிறீர்களே."

"சார், அது மெஷின்."

"உங்கள் மனைவி அப்படி நினைப்பதாகப் படங்களில் தெரியவில்லை."

மேல்முறையீடு கிடையாது என்று அவர் சொன்னதும் திரை அணைந்தது.

அன்றும் இயந்திரம் போய் வாசலில் நின்றது. அழுத முகத்தோடு ஜெபமலர் கதவைத் திறந்தாள்.

"குளிருதா?" என்றாள்.

வழக்கமாக, "ஆமா, உள்ள கூப்பிடு" என்று கொஞ்சுவான். நாகர்கோவில் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருந்தவனுக்கு அன்று பொய் வரவில்லை.

"இல்ல மலரு. இங்க வேர்க்குது."