ஐந்து பேரும் முடிக்கும் வரை

"உங்க பொண்ணைக் கட்டிக்க அனுமதி வேணுங்க." பாயில் நெற்றி படக் குனிந்தான் ஹிசாஷி.

"முதல்ல எங்களைத் தெரிஞ்சுக்கோ தம்பி" என்றார் கனாயேயின் அப்பா.

அப்பா, அம்மா, மூன்று அண்ணன்கள் என ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஆளாளுக்குத் தங்கள் பெருமையை அளந்து விட்டார்கள். தேநீர் ஆறிப்போனது. ஹிசாஷி அசையவும் இல்லை, குறுக்கே பேசவும் இல்லை.

அப்பாவுக்குத் திருப்தி. "நல்ல பொறுமைசாலி. என்ன வேலை பாக்கறே?"

"டிவியில பசங்க பாக்கற சண்டைத் தொடர்ல நடிக்கிறேங்க. அஞ்சு வீரர்களும் உடுப்பு மாறி, பேர் சொல்லி, போஸ் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அடிக்காம நிக்கிற அரக்கன் நான்தான்."

"அரக்கனுக்கா பொண்ணு? முடியாது, கிளம்பு."

கனாயே சாவகாசமாகச் சுடுதேநீர் ஊற்றினாள்.

"யோசிச்சுக்கோங்கப்பா. அந்தத் தொடர்ல வர்ற மாதிரியே, ஒரு தடவை தோக்கடிச்சா இவர் போயிட மாட்டார். மாடிக் கட்டடம் உயரத்துக்கு வளர்ந்து திரும்பி வருவார்."