தூக்கிய கை

சமையலறை மேசையில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அம்மா செய்தித்தாளிலிருந்து தம்பியின் படத்தைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். பெரிய ரக்பி அணியில் அவனுக்கு நேற்றுதான் முதல் ஆட்டம். பக்கக்கோட்டிலிருந்து எறிந்த பந்தை அந்தரத்தில் பிடித்திருக்கிறான், வாயெல்லாம் பல். அவன் தொடையைத் தாங்கியபடி கீழிருந்து இரண்டு கைகள், விரல்களில் வெள்ளை டேப். அதே அணியில் ஆறு வருஷமாக ஆடுகிற என் முகம் படத்துக்குள் வரவில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டே, விரலில் ஒட்டிய டேப் பசையைச் சுரண்டுகிறேன். “யாருடா இது, நடுவுல கைய நீட்டிக்கிட்டு? படத்தையே கெடுக்குது.” “பந்தப் புடிக்க அவனத் தூக்கி விடுறவன்மா,” என்கிறேன். “வெட்டிரட்டுமா?” தம்பி சொல்வான் என்று பார்க்கிறேன். அவன் குனிந்து ஷூ நாடாவின் முடிச்சை அவிழ்க்கிறான். அது முன்பே அவிழ்ந்துதான் கிடக்கிறது. “வெட்டிரும்மா,” என்கிறேன். கத்தரி கறுக்கென்று ஓடுகிறது. என் கைகள் மேசையில் சுருண்டு விழுகின்றன. அம்மா படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று ரசிக்கிறாள். “பாருங்கடா, எம்புள்ள தானாவே பறக்குறான்!” எனக்கு இன்னும் தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கிறது.