பக்கத்துக்கு ஐந்து

கள்ளக்குறிச்சி மாலைநேரப் பூப்பந்து மன்றத்தின் வெள்ளி விழா மலருக்காகச் செயலாளர் செபாஸ்தியான் மன்ற வரலாற்றை எழுதி முடித்திருந்தார். 1952ஆம் ஆண்டு முதல் ஒரு மாலைகூட ஆட்டம் நின்றதில்லை என்பது அதன் கடைசி வரி. தலைவர் மகள் கல்யாணத்தன்றும் பந்தலிலிருந்து எழுந்து வந்து ஆடியவர்கள் அவர்கள். பக்கத்துக்கு ஐந்து பேர்; ஒருவர் குறைந்தாலும் மன்றத்தில் அது ஆட்டமில்லை.

மலர் அச்சுக்குப் போகிற நாளில் பேருந்து ஓடவில்லை. சங்கராபுரத்துக்காரர் வரவில்லை. ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க செக்ரட்டரி," என்றார் காசிநாதன். "ஒருநாள் கம்மியானா இன்னா, மலையா சரிஞ்சிடும்?"

செபாஸ்தியான் தம் மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மட்டையக் குவிங்க. எதுக்கும் பிரிச்சு வெப்போம்."

வழக்கப்படி ஒவ்வொருவரும் தம் மட்டையை நடுவில் வைத்தார்கள். மூத்த ஆட்டக்காரர் பாவாடை கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டு அணி பிரித்தார். பக்கத்துக்கு ஐந்து விழுந்தது. அவரவர் எடுத்துக்கொண்ட பின், காசிநாதன் அணிப் பக்கத்தில் ஒரு மட்டை மிச்சம் கிடந்தது.

"யாருதுங்க இது?" என்றார் பாவாடை. ஒன்பது பேர் கையிலும் அவரவர் மட்டை இருந்தது. அவர் அதை அந்த அணியின் பின்மூலையில் வைத்தார்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. செபாஸ்தியான் அந்த மூலையைப் பார்த்தே முதல் பந்தைப் போட்டார். பந்து வலையை உரசாமல் திரும்பி வந்து, கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே விழுந்தது.

"நல்லா எடுத்தீங்க," என்று காசிநாதன் பின்மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றார்.