பட்டியலில் பத்தொன்பது பேர்

ஆண்டவர் செய்த நன்மைகளுக்கு அந்த மாதம் வாளையார்ச் சபை கொடுத்த விலை இருபத்தாறாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். ஆராதனை முடிந்து போதகர் அறையில் பொருளாளர் எலியாசர் மூன்றாம் தடவை எண்ணியும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

“போன மாசம் முப்பத்தோராயிரத்து நானூறுங்க ஐயா. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு குறையுது. நாஞ் சொன்னனுங்களா, இல்லீங்களா?” எலியாசர் உட்கார முடியாமல் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

சொல்லியிருந்தார். ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுவார்கள். பெரிய தொகை மேலே, சின்னது கீழே என்று அவர் பட்டியல் எழுதித் தர, ஆராதனை நடுவே பெயரும் தொகையுமாக வாசிப்பது வழக்கம். போதகர் தியோடர் இந்த மாதம் அதை நிறுத்திவிட்டார். உறைமேல் பெயர் வேண்டாம், நேராகத் தட்டில் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

“ஆராதனையில ஆண்டவர் பேரு ஒண்ணு கேட்டாப் போதும். அவரு உண்மையுள்ளவரு, சபைய நடத்துவாரு” என்று கமிட்டியில் போதகர் சொன்னபோது, எலியாசர் கும்பிட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அவுரு உண்மையுள்ளவருதானுங்க. அவுரையா நான் சந்தேகப்படறேன்? நம்மாளுகளத்தானுங்க.”

கடைசியில் பேரம் படிந்தது. ஒரு மாதம் பார்ப்பது. தொகை குறைந்தால் அடுத்த ஞாயிறே பட்டியல் திரும்ப வரும்.

பட்டியல் வேலை போன எலியாசர் இன்று காலை முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு போன பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பி, அது முழுச் சுற்றும் முடிந்து பீடத்துக்கு வரும்வரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

போதகரின் கவலை வேறு. செக்போஸ்டில் லாரிக்காரர்களுக்கு அவித்த கடலை விற்கிற நாச்சம்மாள், நான்கு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கோயிலுக்குள் வந்திருந்தார். முன்பு பட்டியலின் கடைசியில் ‘நாச்சம்மாள், பத்து ரூபாய்’ என்று வாசித்தபோது பாடகர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்றோடு நின்றவர்.

“இனிமே வாசிக்க மாட்டீங்கல்லங்க சாமி?” என்று இன்று வாசலில் கேட்டார். போதகர் தலையாட்டி அனுப்பியிருந்தார். அந்தத் தலையாட்டல் இப்போது அவர் கழுத்தில் வலித்தது.

“ஒரே ஆளுன்னா ரவுண்டாக் குறையுமுங்க. எவனாச்சும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு போடுவானா? நாலஞ்சு பேரு சேந்து கையச் சுருக்கிட்டானுக” என்றார் எலியாசர்.

“யாருன்னு எப்படி அங்கிள் தெரியும்? பேரே இல்லியே.” கேட்டது சபைச் செயலாளர் பெர்சி. அக்ஷயா சென்டர் என்கிற கேரள அரசின் இ-சேவை மையம் நடத்துகிறவள். ஒரு தொகையை இரண்டு பேர் வாயால் கேட்காமல் நம்பமாட்டாள்.

“நெடுஞ்சாலையில முப்பது வருசமா டயர் விக்கறேன், கண்ணு. நோட்டப் பாத்தா ஆளச் சொல்லிருவேன். நீ போன மாசப் பட்டியல எடு. கீழ இருந்து வா. பிசுனாறிக அங்கதான் இருப்பானுக.”

பெர்சி கீழிருந்து வாசித்தாள். எலியாசர் நோட்டுக் குவியலைக் கிளறினார். வளையல் வைக்கிற டப்பாவில் கிடந்து ஓரம் வளைந்த ஐம்பது, தையல்கார கற்பகம். டிக். டீசல் வாடை அடிக்கிற இருநூறு, டிரைவர் யோவேல். டிக். நாலாக மடித்து அயர்ன் பண்ணிய ஐந்நூறு, ஓய்வுபெற்ற வாத்தியார். டிக்.

பதினைந்து பேர் தேறினார்கள். ஒருத்தரும் குறைத்திருக்கவில்லை. எலியாசரின் நெற்றி வேர்த்தது. பாதி குடித்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

“இன்னும் மேல போ. எனக்கு அப்பவே தெரியும், அந்த அரிசி மில்லு ஜோசுவாதான். மனுசன் பேருக்காகவே போடறவன். பேரு இல்லேன்னதும் கமுக்கமா இருந்திருப்பான்.”

பதினாறு, பதினேழும் தேறின. அடுத்தது ஜோசுவா, நாலாயிரம். எலியாசர் எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை உதறினார். மேசையெல்லாம் தவிடு.

“போட்டிருக்கான்” என்றார், ஏமாந்த குரலில்.

குவியலில் ஒரே ஒரு பத்து ரூபாய் நோட்டு மிஞ்சியது. ஓரத்தில் கடலைத் தொலி ஒட்டியிருந்தது. போதகர் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது பட்டியல்ல இல்லாதது. நாச்சம்மாள் இன்னைக்குப் புதுசாப் போட்டிருக்காங்க.”

“அப்பிடீன்னா குறையறது சரியா அஞ்சாயிரமுங்க ஐயா.” எலியாசர் மேசையில் தட்டினார். “ஒத்த ஆளு. நாச்சம்மாளே போட்டிருக்கறப்ப, போடாம உக்காந்திருந்த மகராசன் ஆருன்னு பேரச் சொல்லு கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழம அவன் ஒருத்தன் பேரையாச்சும் வாசிச்சே ஆவோணும்.”

பெர்சி பட்டியலை மேலிருந்து ஒரு தடவை பார்த்தாள். போதகரைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

“பதினெட்டுக்கு டிக் போட்டாச்சுங்க. பாக்கி உங்க பேரு ஒண்ணுதான் அங்கிள்.”